ஐந்து நாள் கிராஸ்ஹாப்பர் ஒர்க்‌ஷாப்: போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வரைபலகை:

வணக்கம். 11 வருடமாகக் கட்டட வரைபடம் போட்டு வருகிறேன். ஆட்டோகேட் என்றால் கீபோர்டைப் பார்க்காமலே கை ஓடும். முப்பரிமாணத்தில் ஸ்கெட்ச்அப்பைத் தாண்டிப் போனதில்லை. அடுத்த மாதம் ஐந்து நாள் ஒர்க்‌ஷாப் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளும், அதற்குள் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து வடிவம் உருவாக்கும் கிராஸ்ஹாப்பரும் சொல்லித்தருகிறார்கள். கடைசி நாள் ஆளுக்கொரு மாதிரியை லேசர் கட்டரில் வெட்டி எடுக்க வேண்டும். வருபவர்களில் பாதிக்கு மேல் மாணவர்கள் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதே போல இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். பெரிய திரையில் அவர் ஒரு பெட்டியை வைத்தால் நானும் வைத்தேன். அவர் ஒரு கம்பியை இழுத்தால் நானும் இழுத்தேன். மாலைக்குள் முறுக்கிய கோபுரம் ஒன்று வந்துவிட்டது. அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால், எந்தக் கம்பி எதற்குப் போகிறது என்று ஒன்றுமே புரியவில்லை. அதை வைத்து ஒரு ஜன்னல்கூட என்னால் வரைய முடியவில்லை. அந்த ஃபைலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது. ஐந்து நாளில் உண்மையில் எவ்வளவு கைக்கு வரும்? முன்கூட்டியே வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டு போவதா, அங்கே போய்த் தொடங்குவதா? அப்புறம் கணக்கு. அது பள்ளியோடு விட்டுப்போனது. வெக்டர், டொமைன் என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்:

பத்து நாளில் எல்லாம் மறந்துபோவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நான் முதன்முதலாக இப்படி ஒன்றுக்குப் போனபோது எனக்கு வயது 38. அதற்குப் பிறகு ஆறு ஒர்க்‌ஷாப்களில் உதவியாளராக நின்றிருக்கிறேன். மேசை மேசையாகப் போய், எங்கே சிக்கியிருக்கிறதோ அங்கே எடுத்துவிடும் வேலை. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சொல்லித்தருபவரின் ஃபைலை நகலெடுத்தவர்களிடம் அது தங்குவதில்லை. சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்து ஐந்து நாளும் அதோடு மல்லுக்கட்டியவர்களிடம் தங்குகிறது. வேகமாகப் பிடித்துக்கொள்பவரா, மெதுவாகப் பிடித்துக்கொள்பவரா என்பதற்கும் இதற்கும் நான் பார்த்தவரை சம்பந்தமே இல்லை.

அதனால் நீங்கள் கையாலோ ஆட்டோகேடிலோ ஏற்கெனவே வரைந்து முடித்த, உள்ளும் புறமும் தெரிந்த ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டடம் முழுக்க வேண்டாம். ஒரு படிக்கட்டு, ஒரு மறைப்புத் திரை, ஒரு கைப்பிடி, ஒரு மேற்கூரைச் சட்டம், இவற்றில் ஒன்று போதும்.

ஒரு முறை ஒரு பெண்மணி படிக்கட்டோடு வந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் அலை போன்ற பரப்புகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இவர் படிக்கட்டை விடவே இல்லை. தளத்துக்குத் தளம் உயரம் 2975 மி.மீ., 17 படி, படிக்கு 175. இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். "உயரத்தை மாற்றினால் படி எண்ணிக்கை தானாக மாற வேண்டும், எப்படிச் செய்வது?" என்று கேட்டார். "கையால் போடும்போது என்ன செய்வீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "உயரத்தை 175ஆல் வகுப்பேன். மிச்சம் வந்தால் ஒரு படி கூட்டுவேன். அப்புறம் உயரத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்துச் சரியான படி உயரத்தை எடுத்துக்கொள்வேன்" என்றார்.

அதையேதான் திரையில் வைத்தோம். உயரத்துக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்து எண்ணை மாற்றும் பட்டை), ஒரு வகுத்தல், மேல்நோக்கி முழு எண்ணாக்க ஒரு ரவுண்ட், மறுபடி ஒரு வகுத்தல். அவர் ஸ்லைடரை 3200க்கு இழுத்தார். 18.29 என்று வந்தது 19 ஆனது. மதிப்பைக் காட்டும் பக்கத்துப் பேனலில் 168.4 என்று படி உயரம் வந்து நின்றது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஸ்லைடரை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

உங்கள் கணக்கு பயத்துக்கும் பதில் அந்தப் படிக்கட்டிலேயே இருக்கிறது. 11 வருடம் படியும் சரிவும் ஜன்னல் பிரிப்பும் போட்டவருக்கு கிராஸ்ஹாப்பர் கேட்கும் கணக்கில் பெரும்பகுதி தெரிந்ததுதான். பெயர்கள்தான் புதிது. ஆட்டோகேடில் மூவ் கொடுத்துவிட்டு @500,0 என்று அடிக்கிறீர்களே, அதுதான் வெக்டர்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். டொமைன் என்றால் 'இதிலிருந்து இதுவரை', அவ்வளவுதான். கதவு 0 பாகையிலிருந்து 90 பாகை வரை திறக்கும் என்றால் அது ஒரு டொமைன்.

மாற வேண்டியது வேறு ஒன்று. ஆட்டோகேடில் நீங்கள் கோட்டை வரைகிறீர்கள். இங்கே கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள உறவை வரைய வேண்டும். இது கணினி கொண்டுவந்த யோசனையும் இல்லை. ஸ்பெயின் கட்டடக் கலைஞர் அன்டோனி கவுடி கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக நூல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி 1:10 அளவில் ஒரு மாதிரி செய்தார். ஒரு நூலின் நீளத்தை மாற்றினால் மற்ற எல்லா நூல்களும் தாங்களாகவே நகர்ந்து புது வடிவத்துக்கு வந்து நிற்கும். அதைத் தலைகீழாகப் பார்த்தால் கல் வளைவின் வடிவம் கிடைக்கும். 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் செய்த ஸ்கெட்ச்பேட் நிரலிலும் இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அது காப்பாற்றிக்கொள்ளும். நம் கைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. டேவிட் ருட்டன் கிராஸ்ஹாப்பரைத் தொடங்கியது 2007இல். 2018இல் வந்த ரைனோ 6 முதல் அது ரைனோவுக்குள்ளேயே வருகிறது.

உண்மையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் மூன்றாம் நாள். டேட்டா ட்ரீ, அதாவது பொருள்களைத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்துவைக்கும் முறை. அதை மட்டும் காகிதத்தில் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். கீழே நான்கு புள்ளி, மேலே நான்கு புள்ளி. இரண்டையும் லைன் பெட்டியில் கொடுத்தால் முதலாவதும் முதலாவதும், இரண்டாவதும் இரண்டாவதும் சேர்ந்து நான்கு கோடு வரும். இப்போது கீழே உள்ள நான்கு புள்ளிகளையும் தனித்தனி உறையில் போடுங்கள். மேலே உள்ளவை ஒரே உறையில் இருக்கட்டும். ஒவ்வொரு உறையும் மேலே உள்ள உறை முழுவதையும் சந்திக்கும். 16 கோடு வந்துவிடும். தனித்தனி உறையில் போடுவதற்குப் பெயர் கிராஃப்ட். எல்லாவற்றையும் ஒரே உறையில் கொட்டுவதற்குப் பெயர் ஃப்ளாட்டன். ஒர்க்‌ஷாப்பில் பலரும் ஏதாவது தப்பாக வந்தால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பேனலை இணைத்து உள்ளே எத்தனை உறை, ஒவ்வொன்றிலும் எத்தனை பொருள் என்று படியுங்கள். கம்பியின் தோற்றமும் சொல்லும்: ஒற்றைக் கோடு என்றால் ஒரு பொருள், இரட்டைக் கோடு என்றால் பட்டியல், விட்டுவிட்டு வரும் கோடு என்றால் ட்ரீ.

வீடியோ விஷயம். கிராஸ்ஹாப்பர் வீடியோ பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்குப் பதில் அந்தச் சின்னப் பொருளை ரைனோவில் ஒரு முறை கையாலேயே கட்டிப் பாருங்கள். ரைனோவின் கமாண்ட் வரி உங்களுக்கு ஆட்டோகேட் மாதிரியே இருக்கும். இரண்டு மாலை போதும். திரையில் சுற்றிவரக் கை பழகிவிட்டால் முதல் நாள் உங்களுக்கு மிச்சமாகும்.

எவ்வளவு வரும் என்று கேட்டீர்கள். ஒரே ஒரு பொருளை, நான்கைந்து அளவுகள் மாறினால் தானும் மாறும்படி, நீங்களே வெற்றுத் திரையிலிருந்து கட்டும் அளவுக்கு வரும். ஒர்க்‌ஷாப் முடிந்த மூன்றாம் நாள் அந்த ஃபைலை மூடிவைத்துவிட்டு, பார்க்காமல் மறுபடி கட்டுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணிவலை:

மேலே சொன்னதோடு நானும் சேர்கிறேன். நடைமுறைக்குச் சில விஷயம் மட்டும்.

நடுவில் சக்கரம் உள்ள மௌஸ் கட்டாயம். டச்பேடை வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஓட்ட முடியாது. ரைனோவைச் சோதித்துப் பார்க்க 90 நாள் முழுப் பதிப்பு தருகிறார்கள். அது தீர்ந்தால் சேமிக்க முடியாது. அதனால் இப்போதே அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாரம் முன்னால் போட்டால், முடிந்த பிறகும் பழக நாள் இருக்கும். எந்தப் பதிப்பு, எந்தெந்த கூடுதல் ப்ளக்கின் வேண்டும் என்று நடத்துபவர்களிடம் இப்போதே கேட்டு வாங்கி, வீட்டில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். முதல் நாள் காலை இருபது பேரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோகேட் ஃபைலை அப்படியே உள்ளே கொண்டுவராதீர்கள். சர்வே ஆயத்தொலைவில் வரைந்த படம் என்றால் கட்டடம் பூஜ்யப் புள்ளியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும். அங்கே ரைனோவுக்குத் துல்லியம் குறைகிறது. வடிவங்களைக் கூட்டிக் கழிக்கும் பூலியன் தோற்கும், கோடுகள் நடுங்குவது போலத் தெரியும். முதலில் பூஜ்யத்துக்கு நகர்த்துங்கள். மி.மீ.யா, மீட்டரா என்று ஃபைல் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் ஒரு நாள் முழுக்க வீணாக்கியது இதில்தான்.

இரண்டாம்தளம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஐந்து நாள் விடுப்பு பெரிய விஷயம். அதை ரெவிட் என்ற கட்டட மாதிரி மென்பொருளில் போட்டிருந்தால் அடுத்த திங்கட்கிழமையே பயன்படும். ஒரு சுவரை நகர்த்தினால் பிளானும் செக்‌ஷனும் கதவு அட்டவணையும் சேர்ந்து மாறுகிறது. அதுவும் நீங்கள் சொல்லும் அதே 'உறவு'தானே? கிராஸ்ஹாப்பரில் செய்து பார்க்கும் வளைவுகளை நாம் வாழ்நாளில் எத்தனை முறை கட்டப்போகிறோம்?

அளவுகோல்:

நியாயமான கேள்வி. அலுவலகம் முழுக்க ரெவிட்டுக்கு மாறுகிறது என்றால் நானும் முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் ரெவிட்டில் சுவர், கதவு, தளம் இவற்றுக்கிடையே என்ன உறவு என்பதை ஏற்கெனவே வேறொருவர் யோசித்துவைத்திருக்கிறார். கிராஸ்ஹாப்பரில் அந்த உறவை நீங்கள் யோசிக்க வேண்டும். ஒரு தடவை அதைச் செய்தவர் ரெவிட்டுக்குப் போனாலும் ஃபேமிலிகளை (கதவு, ஜன்னல் போன்ற மாதிரிப் பொருள்களை) வேறு கண்ணோடு செய்கிறார். இதை என் கூட வேலை செய்பவர்களிடமே பார்க்கிறேன்.

வளைவுக்காகத்தான் இதைக் கற்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிட்னி ஓப்பரா ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் படத்தில் சிப்பி ஓடு போன்ற கூரைகள் கையால் இழுத்த வளைவுகள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அவற்றை எப்படிக் கட்டுவது என்று பொறியாளர்கள் வருடக்கணக்காகத் திணறினார்கள். 1961இல் வந்த தீர்வு, எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். கோளத்தில் எங்கே வெட்டினாலும் வளைவு ஒன்றுதான். அதனால் விலா எலும்பு போன்ற கான்கிரீட் துண்டுகளை ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது.

அங்கே தீர்வைக் கொண்டுவந்தது வடிவத்தை எளிமையாக்கிய ஒரு முடிவு. இதை எதிலிருந்து வெட்டி எடுக்கலாம், எத்தனை விதமான துண்டு வரும், தட்டையாக விரித்து வெட்ட முடியுமா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பின் கடைசி நாள் லேசர் கட்டர் முன்னால் நிற்கும்போது அந்தக் கேள்விகளை யாரும் தள்ளிவைக்க முடியாது. வெறும் திரையோடு முடிகிற ஒர்க்‌ஷாப்பைவிட, ஏதாவது ஒன்றை வெட்டி அடுக்கிப் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பை நான் எப்போதும் சிபாரிசு செய்வது இதனால்தான்.

வரைபலகை:

எல்லோருக்கும் நன்றி. படிக்கட்டுக் கதையை இரண்டு தடவை படித்தேன். ரெவிட்டும் கற்கத்தான் வேண்டும், ஆனால் இது கையில் வந்துவிட்டதால் இதை முதலில் முடிக்கிறேன்.

பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மேற்குப் பார்த்த ஒரு வரவேற்பறைக்கு நான் ஏற்கெனவே வரைந்த மறைப்புத் திரை. 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், வட்டத் துளைகள். எல்லாத் துளையும் ஒரே அளவில் போட்டிருந்தேன். வெயிலும் மறைய வேண்டும், உட்கார்ந்திருப்பவர் வெளியே பார்க்கவும் வேண்டும். ஒரே அளவில் இரண்டும் நடக்கவில்லை. உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் துளை பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருந்தால் சரியாக இருக்கும் என்று அப்போதே தோன்றியது. 600 வட்டத்தை ஒவ்வொன்றாக மாற்ற நேரம் இல்லாமல் விட்டுவிட்டேன். இது ஐந்து நாளுக்குச் சின்னதா, பெரியதா?

அளவுகோல்:

மிகச் சரியான அளவு. எனக்கே செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

வகுப்பில் இதை ஒரு புள்ளியை வைத்துச் சொல்லித்தருவார்கள். புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் துளை பெரிது, தூரத்தில் இருப்பது சிறிது. திரையில் ஒரு பூ மலர்ந்த மாதிரி அழகாக வரும். ஆனால் உங்களுக்குப் புள்ளி வேண்டாம், கோடு வேண்டும். தரையிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் குறுக்காக ஒரு கோடு. உட்கார்ந்தவர் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு துளையின் மையத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை கர்வ் க்ளோசஸ்ட் பாயின்ட் என்ற பெட்டி தரும். அந்தத் தூரங்கள் 0 முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை போகும். அதை, ஒரு எல்லையில் உள்ள எண்களை வேறொரு எல்லைக்கு மாற்றும் ரீமேப் கொண்டு 42இலிருந்து 15க்கு மாற்றுங்கள். அதுதான் ஆரம். 42 முதலில், 15 பிறகு. பக்கத்தில் இருப்பது பெரிதாக வேண்டும் அல்லவா.

ஏன் 42 என்று கேட்பீர்கள். 3 மீட்டரில் 30 துளை, 2 மீட்டரில் 20 துளை என்றால் கட்டம் 100 மி.மீ. ஆரம் 42 என்றால் விட்டம் 84. இரண்டு துளைக்கு நடுவே 16 மி.மீ. பலகை மிச்சம். அந்த 16தான் உங்கள் உண்மையான வரம்பு. வடிவத்தை அதிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். மாதிரியை 1:10இல் வெட்டினால் அந்த 16 என்பது 1.6 மி.மீ. ஆகிவிடும். லேசர் இரண்டு பக்கமும் கொஞ்சம் தின்னும். எம்.டி.எஃப். பலகை அந்த இடத்தில் ஒடியும். 1:5இல் வெட்டுங்கள். 600க்கு 400 மி.மீ. பலகை, நடுவே 3.2 மி.மீ. நிற்கும். கட்டருக்குள் அந்த அளவுப் பலகை நுழையுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். திரையை நிறுத்தக் கால்களைச் செருகுவதாக இருந்தால், பலகை '3 மி.மீ.' என்று எழுதியிருப்பதை நம்பி 3 மி.மீ. காடி போடாதீர்கள். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஒரு துண்டில் 2.6, 2.7, 2.8, 2.9, 3.0 என்று சீப்பு மாதிரி காடிகளை வெட்டி, எதில் இறுக்கமாக நுழைகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். காடி அகலத்தையும் ஒரு ஸ்லைடராக வைத்துவிட்டால் பத்து விநாடியில் மாற்றிவிடலாம். இரண்டாவது, பேக் செய்த (கிராஸ்ஹாப்பரிலிருந்து ரைனோவுக்கு நிஜக் கோடாக மாற்றிய) கோடுகளை அனுப்புவதற்கு முன் செல்டப் கமாண்ட் கொடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளைப் பிடித்துக் காட்டும்.

வரைபலகை:

ஒர்க்‌ஷாப் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

முதல் நாள் நன்றாகப் போனது. கை பழகியிருந்ததால் பக்கத்து மேசைத் தம்பிக்கு நானே இரண்டு இடத்தில் உதவினேன். இரண்டாம் நாள் முடிவில் 600 வட்டமும் கோட்டைப் பொறுத்து மாற ஆரம்பித்துவிட்டன. கோட்டை மேலும் கீழும் நகர்த்தினால் பெரிய துளைகளின் பட்டை கூடவே நகர்கிறது. அந்தப் படிக்கட்டு அம்மா ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போது புரிந்தது.

மூன்றாம் நாள் நீங்கள் சொன்ன இடத்திலேயே மாட்டினேன். கால்களுக்கான காடிகளை வைக்கும்போது 4 காடி வர வேண்டிய இடத்தில் 16 வந்தது. 16 என்றதும் உறைக் கதை ஞாபகம் வந்தது. பேனலை இணைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிராஃப்ட் ஆகி வந்திருந்தது. நானே கண்டுபிடித்துச் சரி செய்தேன். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதில்தான் தைரியம் வந்தது.

நான்காம் நாள் வெயிலைப் பற்றி யோசிக்க வைத்தார்கள். மேலே துளை சிறிதாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மேற்கில் சாயும் வெயில் தாழ்வாக வரும், கண் மட்டத்துப் பெரிய துளை வழியாகவே உள்ளே வந்துவிடும் என்று அங்கே காட்டினார்கள். பலகையின் தடிமனைக் கூட்டினால் சாய்வாக வரும் ஒளி துளையின் உட்சுவரில் பட்டு நிற்கும், ஆனால் வெயில் நேராக முகத்துக்கு வரும் அந்தக் கடைசி நேரத்துக்கு அதுவும் உதவாது. அதனால் கோட்டை 1200இலிருந்து 1100க்கு இறக்கி, பெரிய துளைப் பட்டையைக் குறுக்கிக்கொண்டேன். திரையால் தீராததற்கு உள்ளே ஒரு மடிப்புத் திரைச்சீலை வேண்டும் என்று படத்தில் எழுதிவைத்தேன். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

கடைசி நாள். பலகையை அளந்தேன், 2.8 மி.மீ. சீப்பில் 2.7 காடிதான் இறுக்கமாகப் பிடித்தது. செல்டப் கொடுத்தபோது 600 கோடு பிடிபட்டது. இரண்டு தடவை பேக் செய்திருக்கிறேன்! அப்படியே அனுப்பியிருந்தால் ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டு முறை வெட்டியிருக்கும். எனக்கு முன்னால் வெட்டிய ஒருவருடைய பலகையில் அதே தவறு, விளிம்பெல்லாம் கருகிப்போயிருந்தது. என் திரை கால்களில் தட்டி உட்கார்ந்து நேராக நின்றது. ஒரு துளைகூட ஒடியவில்லை.

ஒர்க்‌ஷாப் முடிந்த மூன்றாம் நாள் வெற்றுத் திரையிலிருந்து மறுபடி கட்டினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. ரீமேப்பில் பழைய எல்லையை பவுண்ட்ஸ் பெட்டியைக் கொண்டு எடுக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. மற்றதெல்லாம் வந்துவிட்டது. அந்தப் பழைய முறுக்கிய கோபுரத்தையும் திறந்து பார்த்தேன். இப்போது படிக்க முடிகிறது. ஒவ்வொரு தளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுவது வெறும் ஒரு சீரிஸ் பெட்டிதான்.

இப்போது அடுத்த கேள்வி. அதே திரை நேராக இல்லாமல் வளைந்த சுவரில் வர வேண்டும் என்றால்? உருளையின் ஒரு பகுதி மாதிரி வளைவு, ஆரம் 4 மீட்டர்.

அளவுகோல்:

படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். 16ஐப் பார்த்ததும் உறை ஞாபகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இனி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லப்போகிறேன்.

உருளை என்றால் நல்லதாகப் போயிற்று. ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பைக் கிழியாமல் தட்டையாக விரிக்கலாம். ரைனோவின் அன்ரோல் கமாண்ட் அதைச் செய்துவிடும். கோளம் மாதிரி இரண்டு திசையிலும் வளைந்திருந்தால் அப்படி விரியாது. அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே துளைகளை இப்போது செய்தது போலவே தட்டையில் அமைத்து, தட்டையிலேயே வெட்டி, பிறகு வளையுங்கள். துளைகள் வட்டமாகவே இருக்கும்.

கவனிக்க வேண்டியது அகலம். இரண்டு முனைக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 3000 என்றால், 4 மீட்டர் ஆரத்தில் வில்லின் நீளம் ஏறக்குறைய 3075. நீங்கள் வெட்ட வேண்டியது 3075. கட்டம் 100 என்று நிற்காது, 102.5 ஆகும். அதையே வைத்துக்கொள்வதா, ஒரு வரிசை கூட்டி 31ஆக்குவதா என்பதை நடுவே மிஞ்சும் அந்த 16ஐ வைத்து முடிவு செய்யுங்கள். 31 என்றால் கட்டம் 99.2, மிச்சம் 15.2. ஆரத்தை எந்த முகத்துக்குச் சொல்கிறீர்கள் என்பதையும் படத்தில் எழுதுங்கள். உள் முகம், வெளி முகம், நடு என்று மூன்றுக்கும் நீளம் வேறு வேறு. நான் நடுத் தடிமனில் அளப்பேன்.